காவல்காரன் தூங்காத வீடு

கதை எழுதுகிறவனுக்கு நல்ல வில்லன் ஒருவன் அகப்பட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி. வந்தான், கெடுத்தான், பிடிபட்டான் என்று புத்தகத்தை முடித்துவிடலாம். எய்ட்ஸ் என்னும் வியாதியின் சரித்திரத்தை முதலில் எழுதியவர்களுக்கும் அந்தச் சௌகரியம் வாய்த்தது.

1981-ஆம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி அமெரிக்கச் சுகாதார இலாகாவின் வாரப் பத்திரிகையில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. திடகாத்திரமானவர்களுக்கு வராத ஒரு நுரையீரல் நோய் அந்த ஐவருக்கும் வந்திருந்தது. இரண்டு வருஷத்துக்குள், 1983-இல், பாரிஸில் உள்ள பாஸ்டர் ஸ்தாபனத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூஸி என்ற அம்மையாரும் லூக் மொந்தானியேயும் அவர்களுடைய சகாக்களும் கிருமியைப் பிடித்துவிட்டார்கள். எச்.ஐ.வி. என்ற பெயர் பின்னால் வந்தது. இருவருக்கும் நோபல் பரிசு அதற்கும் பின்னால், 2008-இல், வந்தது. நம் நாட்டில் அந்தக் கிருமி நுழைந்திருக்கிறது என்பது 1986-இல் சென்னையில்தான் முதலில் வெளிப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது.

ஆக, வில்லன் கிடைத்தான். அவன் செய்கிற காரியமும் தெரிந்தது. நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஓர் இனம் உண்டு. நோய் எதிர்ப்புப் படைக்கு உத்தரவு கொடுக்கும் தளபதிகள் என்று அவற்றைச் சொல்லலாம். ஆரோக்கியமான மனிதனுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை 500-க்கு மேல் இருக்கும். 1,500 வரையிலும் போகும். எச்.ஐ.வி. இவற்றுக்குள்ளே புகுந்து, பெருகி, வெளியே வருகிறது. தளபதிகள் குறைந்துகொண்டே போய் 200-க்குக் கீழே இறங்கினால், போகிற வருகிற வியாதியெல்லாம் உள்ளே நுழைகின்றன. கிருமி கொல்கிறது, அணு சாகிறது, மனிதன் சாகிறான். சந்தேகத்துக்கு இடமில்லாத கதை.

கணக்குத்தான் இடித்தது.

நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி புகுந்த சி.டி.4 அணுக்கள் எத்தனை என்று ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிப் பார்த்தபோது நூற்றில் ஒன்று தேறுவதே அரிதாக இருந்தது. பலருக்கு அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. கிருமி தொடாத மற்றவை ஏன் செத்தன? ஊரில் நூறு வீட்டில் ஒரு வீட்டுக்குள்தான் கொள்ளைக்காரன் நுழைந்தான். விடிந்து பார்த்தால் தெரு முழுவதும் பிணம் என்றால், வேறு யாரோ ஆயுதம் எடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஒருவர் கிருமி தொற்றிய மூன்றாம் வருஷமே படுத்துவிடுகிறார். இன்னொருவர் இருபது வருஷம் நடமாடுகிறார். சராசரியாக ஒரு பத்து வருஷம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தப் பத்து வருஷத்துக்கு ‘மௌன காலம்’ என்று ஒரு பெயர் வேறு. மௌனமாவது ஒன்றாவது! அத்தனை கூச்சலும் அந்தக் காலத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

சாதாரண ஜுரம் வந்தால் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தொண்டையில் ஒரு கிருமி நுழைகிறது. கழுத்தில் நெறி கட்டுகிறது. உடம்பு கொதிக்கிறது. அந்த ஐந்தாறு நாளும் உள்ளே வெள்ளை அணுக்கள் கோடி கோடியாகப் பிரிந்து பெருகுகின்றன. எரிச்சலூட்டும் ரசாயனங்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. கிருமி அடங்கியதும் பெருகிய படையில் பெரும் பகுதி தானாகவே மடிந்துவிடுகிறது. மீதி தூங்கப் போகிறது. ஜுரம் விட்டு, இரண்டு நாள் ரசம் சாதம் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். எதிர்ப்புப் படையின் இந்த ஆவேசத்துக்குத்தான் கிளர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்ளுவோம். ஜுரத்தில் அது ஒரு வாரம். எச்.ஐ.வி. புகுந்த உடம்பில் அது ஓய்வதே இல்லை. காவல்காரன் விசில் ஊதுகிறான், கத்துகிறான், கண்ட பக்கமெல்லாம் தடியைச் சுழற்றுகிறான், வருஷக்கணக்காக.

இந்த உண்மையின் ஓரத்தை மிக ஆரம்பத்திலேயே தொட்டவர்கள் உண்டு. தொட்ட விதம்தான் அலங்கோலமாகிவிட்டது. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் மூவர் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, எய்ட்ஸ் நோய்க்கு வழி கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி அதைத் தள்ளிவிடாமல் இருப்பதற்காகக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் என்ற மருந்துதான் அவர்கள் கண்ட வழி. எதிர்ப்புச் சக்தி அழிகிற நோய்க்கு அதை இன்னும் அமுக்குகிற மருந்தா என்று உலகம் வாயைப் பிளந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்கு ஏறக்குறைய ஒரே வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த அறிவிப்பு. சில நாளைக்குள் அந்த நோயாளிகளில் ஒருவர் இறந்த செய்தி வந்தது. அறிவிப்பு நகைப்புக்கிடமாயிற்று. நம்பிக்கையோடு காத்திருந்த நோயாளிகளுக்குச் செய்த துரோகம் என்றே அதைச் சொல்லவேண்டும். அதோடு ஒரு நல்ல கேள்வியும் புதைந்துபோயிற்று. 1988-இல் கலிபோர்னியாவில் ஆஷர், ஷெப்பர்டு என்ற இருவர், இந்த நோயே எதிர்ப்புச் சக்தியின் ஓயாத கிளர்ச்சிதான் என்று ஒரு கட்டுரையில் வாதாடினார்கள். அதைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே.

இங்கேதான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் வருகிறாள்.

லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஜானிஸ் ஜியோர்ஜி என்ற விஞ்ஞானி இருந்தார். 1984-இல் அமெரிக்காவில் நான்கு இடங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வந்தவர்களில் பலருக்குத் தங்கள் உடம்பில் கிருமி இருக்கிறதா என்பதே தெரியாது. அப்போது அதற்கு மருந்தும் கிடையாது. தங்களுக்கு உபயோகப்படாவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்காவது ஆகட்டும் என்று கை நீட்டினார்கள். அந்த ரத்தம் ஜியோர்ஜியின் மேஜைக்கு வந்தது.

அவரிடம் ஒரு யந்திரம். அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு ஒவ்வொன்றின் மேலும் லேசர் ஒளியைப் பாய்ச்சும்; எந்த அணுவின் மேல் எந்தச் சாயம் ஒட்டியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். எல்லாரும் அதில் தளபதிகளை, அதாவது சி.டி.4 அணுக்களை, எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜியோர்ஜி சிப்பாய்களையும் பார்த்தார். சி.டி.8 என்கிற கொலைகார அணுக்கள் அவை. அவற்றின் எண்ணிக்கையோடு முகத்தையும் பார்த்தார் என்று சொல்லலாம். கிளர்ச்சியுற்ற அணுவின் மேல்தோலில் சி.டி.38 என்ற பொருள் அதிகமாக முளைக்கும். கோபக்காரனுக்குக் கண் சிவக்கிற மாதிரி அது ஓர் அடையாளம். யாருடைய சிப்பாய்களுக்குக் கண் அதிகம் சிவந்திருந்ததோ அவர்கள் சீக்கிரம் நோயில் விழுந்தார்கள். இதை அவர் வருஷக்கணக்காக, ஒரே மாதிரியான பொறுமையோடு, அளந்துகொண்டே இருந்தார்.

வெளியுலகத்தின் கண் அப்போது வேறு பக்கம் இருந்தது. 1995 ஜனவரியில் டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும், மௌன காலத்திலும் உடம்பில் தினந்தோறும் கோடிக்கணக்கான கிருமிகள் பிறந்து மடிகின்றன என்று காட்டினார்கள். 1996-இல் ஜான் மெல்லர்ஸ், ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளந்தால் யார் எப்போது விழுவார் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார். அதே வருஷம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. சாவின் வாசலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஜான் காஃபின் என்ற விஞ்ஞானி சொன்ன ரயில் உவமை எல்லார் வாயிலும் புழங்கிற்று: பாலம் இடிந்து கிடக்கிறது, ரயில் அதை நோக்கிப் போகிறது, சி.டி.4 எண்ணிக்கை பாலத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது. கிருமியின் அளவு ரயிலின் வேகம். வில்லன் மறுபடியும் நடுமேடைக்கு வந்துவிட்டான்.

1999-இல் ஜியோர்ஜியும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களில் யார் சீக்கிரம் இறந்தார்கள் என்பதைக் கிருமியின் அளவைவிடக் கிளர்ச்சியின் அளவே நெருக்கமாகக் காட்டிற்று என்பது அதன் முடிவு. அதாவது ரயிலின் வேகத்தைப் பார்த்தால் போதாது. எஞ்சின் எவ்வளவு கொதிக்கிறது என்றும் பார்க்கவேண்டும். மறு வருஷம், 2000-இல், ஜியோர்ஜி காலமானார். அவர் சொன்னதைச் சாஸ்திரம் பாடமாக ஏற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அதற்குச் சாட்சி சொல்ல வந்தவை குரங்குகள்.

அமெரிக்காவில் லூயிசியானா ராஜ்யத்தில் ஒரு குரங்கு ஆராய்ச்சி நிலையம். 1979-இல் அங்கே, சூட்டி மாங்கபே என்ற மேற்கு ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றுக்கு இயற்கையாகவே குஷ்டம் வந்திருப்பதைக் கண்டார்கள். அடுப்புக்கரி நிறத்தில் இருக்கும் சாதுவான ஜாதி. குஷ்டத்தை ஆராய்வதற்காக அதன் சதையிலிருந்து எடுத்ததை ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். ரீசஸ் நம் வட இந்தியக் குரங்கு. நம் கோயில் வாசலில் கையிலிருக்கும் தேங்காய்மூடியைப் பறித்துப் போகிறதே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. 1978-இல் நம் அரசு தடை செய்கிற வரையில் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போனவை. ஏற்றிய ரீசஸ்களில் சில இளைத்து, கழிச்சல் கண்டு, கண்ட கண்ட தொற்றெல்லாம் பிடித்துச் செத்தன. குஷ்டத்தினால் இப்படி ஆகாதே என்று தோண்டியபோது, மாங்கபேயின் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் தாயாதி ஒன்று இருந்தது. 1986-இல் இது அச்சாயிற்று. கொடுத்த மாங்கபேக்களோ ஒரு குறையும் இல்லாமல் இருந்தன!

அட்லாண்டாவில் உள்ள எமரி சர்வகலாசாலையின் குரங்கு நிலையத்தில் மாங்கபேக் கூட்டம் ஒன்று உண்டு. அவற்றின் ரத்தத்தில் கிருமி கொஞ்சநஞ்சமல்ல. எய்ட்ஸ் நோயாளிக்கு இருக்கிற அளவு, சிலவற்றுக்கு அதற்கு மேலும். தின்கின்றன, சண்டை போடுகின்றன, குட்டி போடுகின்றன, மற்றக் குரங்குகளைப் போல வயதாகிச் சாகின்றன. 2003-இல் குய்தோ சில்வெஸ்திரியும் மார்க் ஃபைன்பெர்கும் காரணத்தை எழுதினார்கள்: கிருமி நிறைய, கிளர்ச்சி இல்லை. கண் சிவந்த சிப்பாய்களும் இல்லை, தெருவெல்லாம் பிணமும் இல்லை. அப்படியென்றால் மாங்கபேயின் காவல்காரன் சோம்பேறியோ என்று கேட்கலாம். 2009-இல் அதற்கும் பதில் கிடைத்தது. தொற்று நுழைந்த முதல் நாட்களில் அவனும் விழித்துக்கொள்கிறான், நம்முடையவனைப் போலவே தெருவதிரக் கத்துகிறான். சில வாரத்தில் குரலைத் தணித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிடுகிறான். நமக்கும் ரீசஸுக்கும் அந்த இரண்டாவது காரியம்தான் வரவில்லை.

மாங்கபே இனத்துக்கும் அதன் கிருமிக்கும் உறவு மிகப் பழையது. ஆப்பிரிக்கக் குரங்குகளிடம் இந்தக் கிருமிக் குடும்பம் குறைந்தது 32,000 வருஷமாக இருக்கிறது என்று, பயோகோ தீவுக் குரங்குகளை ஆராய்ந்து 2010-இல் கணக்கிட்டார்கள். மனிதனுக்கு அது சிம்பன்ஸியிடமிருந்து வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான். இந்தச் சிம்பன்ஸிகளுக்குக் கிருமியால் கெடுதல் இல்லை என்று வெகு காலம் நம்பினார்கள். டான்ஸானியாவில் கோம்பே காட்டுச் சிம்பன்ஸிகளைக் கவனித்தவர்கள், தொற்றியவை சீக்கிரம் சாகின்றன என்று 2009-இல் தெரிவித்தார்கள். அவற்றுக்கும் பழக்கம் போதவில்லை போலிருக்கிறது.

சரி, நம் காவல்காரன் ஏன் படுக்கப் போவதில்லை? கிருமி இன்னும் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு பதில். மாங்கபேக்கும்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பதில் போதாது.

குடலைப் பார் என்று ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தார். 1984-இல் நியூயார்க்கில் டொனால்டு காட்லர் என்ற வைத்தியர், எய்ட்ஸ் நோயாளிகளின் குடல் சுவரே கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதினார். கழிச்சல் நோய்க்காரனுக்குக் குடல் கெட்டிருப்பதில் என்ன அதிசயம் என்று மேலே போய்விட்டார்கள். 1998-இல் ரீசஸ் குரங்குகளில் பார்த்தபோது திடுக்கிட்டார்கள். தொற்று நுழைந்த சில வாரத்துக்குள், ரத்தத்தில் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதற்கு முன்பே, குடலில் இருந்த சி.டி.4 அணுக்கள் அடியோடு அழிந்திருந்தன. 2004-இல் மனிதர்களிடமும் அதே கதை என்று தெரிந்தது. நம் உடம்பின் காவல் படையில் பெரும் பகுதி குடல் ஓரத்தில்தான் முகாம் போட்டிருக்கிறது. நாம் எண்ணிக்கொண்டிருந்த ரத்தம் வெறும் ராஜபாட்டை.

குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நம்மோடு சமாதானமாக வாழ்கின்றன. அவற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அணு கனமுள்ள சுவர். காவல் போன இடத்தில் அந்தச் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. 2006-இல் டேனியல் டுவெக், ஜேசன் பிரெஞ்ச்லி முதலியோர், எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் குடல் பாக்டீரியாவின் தோல் துணுக்குகள் மிதப்பதை அளந்து காட்டினார்கள். துணுக்கு அதிகமானால் கிளர்ச்சியும் அதிகம். காவல்காரன் பைத்தியக்காரனில்லை, பின்சுவர் இடிந்து ஓயாமல் ஆள் வருகிற சத்தம் கேட்டுத்தான் கத்துகிறான். மாங்கபேக்களுக்கும் குடலில் சி.டி.4 அணுக்கள் குறையத்தான் செய்கின்றன. சுவர் மட்டும் இடிவதில்லை. பரீட்சித்தும் பார்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கும் மாங்கபேயைப் போலவே நோயில்லாமல் கிருமி சுமக்கும் ஜாதி. அதன் ரத்தத்தில் வேண்டுமென்றே பாக்டீரியாத் துணுக்கைச் செலுத்தினார்கள். அடங்கிக் கிடந்த கிளர்ச்சி எழுந்தது, கிருமி பெருகிற்று, சி.டி.4 அணுக்கள் குறைந்தன.

ஏன் பெருகவேண்டும்? கிருமிக்கு விருப்பமான வீடு, தூங்கும் அணுவல்ல. விழித்துக் கிளர்ந்த அணு. படை திரளத் திரளக் கிருமிக்கு விருந்து. இன்னும் கொடுமை, எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டு எதிர்க்கவென்றே தயாரான சி.டி.4 அணுக்களைத்தான் அது அதிகமாகத் தாக்குகிறது. இது 2002-இல் தெரிந்தது. பழைய கணக்குக்கும் 2013-இல் விடை வந்தது. நெறிக்கணுக்களில் சாகும் சி.டி.4 அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, கிருமியால் முழுமையாகப் பீடிக்கப்பட்டவை அல்ல. கிருமி நுழைய முயன்று பாதியில் நின்றதுமே அவை தாமாகத் தீக்குளித்துச் சாகின்றன. சாகும்போது எரிச்சல் ரசாயனத்தைக் கொட்டி அக்கம்பக்கத்து அணுக்களை அழைக்கின்றன. அவையும் வந்து அப்படியே சாகின்றன. நெறிக்கணுக்கள் வருஷத்துக்கு வருஷம் வடுக்கட்டிப் போகின்றன.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவனுக்கு அப்படி இல்லை. வெகு காலம் அவனுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: “எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. மருந்து இப்போது வேண்டாம். ஆறு மாதம் கழித்து வா.” மருந்துகளின் உபத்திரவத்துக்குப் பயந்தும், மருந்து பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தும், செலவுக்குப் பயந்தும் சொன்ன வார்த்தை. 2004 ஏப்ரலில் நம் அரசாங்கம் இலவச மருந்து தர ஆரம்பித்தபோது, மற்ற நோய்க்குறி இல்லாதவனுக்கு 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. தாம்பரத்தில் அதற்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

காத்திருப்பதில் தப்பில்லை என்ற எண்ணத்தை நேராகச் சோதித்தது 2006-இல் வெளியான ஸ்மார்ட் என்ற ஆராய்ச்சி. 33 தேசங்களில் 5,472 பேர். பாதிப் பேர் மருந்தை விடாமல் சாப்பிட்டார்கள். மறு பாதி, எண்ணிக்கை 350-க்கு மேல் போனால் நிறுத்தி, 250-க்குக் கீழே வந்தால் மறுபடி தொடங்கினார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் சாவு அதிகமாயிற்று. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது எய்ட்ஸ் நோய்களல்ல. இருதயம், ஈரல், சிறுநீரகம், புற்றுநோய்! சேமித்துவைத்த அவர்கள் ரத்தத்தைப் பின்னால் சோதித்தபோது எரிச்சல் ரசாயனமும் ரத்தம் உறைகிற குறியும் உயர்ந்திருந்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள்.

எண்ணிக்கையே எல்லாமில்லை என்பதற்கு 2009-இல் இன்னொரு சாட்சி கிடைத்தது. இன்டர்லூகின்-2 என்ற மருந்தை ஊசி போட்டால் சி.டி.4 அணுக்கள் ஜோராகக் கூடின. இரண்டு ஆராய்ச்சிகளில் சேர்ந்து 5,806 பேர், வருஷக்கணக்கில் பார்த்தார்கள். காகிதத்தில் எண்ணிக்கை ஏறிற்று. நோயும் சாவும் ஒரு துளிகூடக் குறையவில்லை.

2015-இல் ஸ்டார்ட் என்ற ஆராய்ச்சி வழக்கை முடித்தது. எண்ணிக்கை 500-க்கு மேல் உள்ள 4,685 பேரில் பாதிப் பேருக்கு உடனே மருந்து. மறு பாதிக்கு எண்ணிக்கை இறங்கிய பிறகு. பெரிய நோயோ சாவோ நேர்ந்தது, உடனே மருந்து தொடங்கியவர்களில் 42 பேருக்கு. காத்திருந்தவர்களில் 96 பேருக்கு. நம் நாட்டில் 2017 முதல், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், கண்டுபிடித்தவுடனே மருந்து.

மருந்து கிருமியை அடக்கிவிடுகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் ஏறக்குறைய மற்றவர்கள் மாதிரியே நீண்ட ஆயுள் வாழலாம். அவரிடமிருந்து பாலுறவு மூலம் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் கிளர்ச்சி முழுவதும் அடங்குவதில்லை. ஒரு தணல் கிடந்துகொண்டே இருக்கிறது. இடிந்த சுவர் முழுவதும் எழும்புவதில்லை. தணலை நேராக அவிக்க முயன்றவர்களுக்கு நல்ல அனுபவம் இல்லை. 2012-இல் இங்கிலாந்தில், மருந்து இன்னும் தொடங்காதவர்களுக்கு மலேரியா மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளர்ச்சி குறையவில்லை, கிருமிதான் கூடிற்று.

2023-இல் ரிப்ரீவ் என்ற ஆராய்ச்சியின் முடிவு வந்தது. நம் நாடு உட்படப் பன்னிரண்டு தேசங்களில் 7,769 பேர். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், இருதய நோயின் அபாயம் பெரிதாக இல்லாதவர்கள். கொழுப்பைக் குறைக்கும் பிடவாஸ்டாடின் மாத்திரையைத் தினம் ஒன்று கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்தன. கொழுப்பு இறங்கிய அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இவ்வளவு லாபம் வந்திருக்கக் கூடாது.